கறுப்பா ஒண்ணு போச்சு: இங்கிலாந்தின் மர்மப் பூனைகள்

பல வருஷமா மனசுல கிடக்கிற விஷயம் இது. வீட்டுல சொன்னா சிரிக்கிறாங்க. நண்பர்கள்கிட்ட சொன்னா "அன்னிக்கு என்னடா சாப்பிட்ட?"ன்னு கேக்கறாங்க. அதான் இங்கே கொட்டிடலாம்னு வந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, ஒரு காபியோட உக்காந்துக்குங்க.

2006 அக்டோபர். கம்பெனி புண்ணியத்துல தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸெட்டர் ஊர்ல ஆன்சைட் வாசம். ஒரு சனிக்கிழமை நானும் கூட வேலை பார்த்த ரெண்டு பேரும் வாடகைக் கார் எடுத்துக்கிட்டு கார்ன்வால் பக்கம் கிளம்பினோம். வழியில பாட்மின் மூர்னு ஒரு இடம். மூர்னா மரம் மட்டை அதிகம் இல்லாத மேட்டு நிலம். புல்லு, புதரு, பாறை, நடுநடுவே சதுப்பு, எங்கே பார்த்தாலும் ஆடு. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். நண்பன் ஃபோட்டோ எடுக்கணும்னு வண்டியை ஓரங்கட்டினான். நான் சும்மா சரிவைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

தூரத்துல ஒரு கல் சுவர். அதை ஒட்டிக் கறுப்பா ஒண்ணு நடந்து போச்சு. நீளமான வால். அவசரமே இல்லாத நடை. பத்து செகண்ட் இருக்கும். சுவர்ல ஒரு இடிஞ்ச இடம் வழியா அந்தப் பக்கம் இறங்கிடுச்சு.

"டேய், சிறுத்தைடா!"

ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள அங்கே வெறும் புல்லு. அன்னிக்கு ராத்திரி தங்கின வீட்டு ஓனரம்மாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவங்க டீயை ஊத்திக்கிட்டே "ஓ, பீஸ்ட்டைப் பார்த்துட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. ஏதோ பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்கிற மாதிரி!

அப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட இது 200 வருஷத்துக்கும் மேல பழைய கதைன்னு தெரிஞ்சுது.

வில்லியம் காபெட்னு ஒரு எழுத்தாளர், பத்திரிகைக்காரர். 1763ல சர்ரே மாவட்டத்துல பிறந்தவர். 'ரூரல் ரைட்ஸ்'ங்கிற அவரோட பயண நூல் 1830ல வந்துச்சு. அதுல, சின்னப் பையனா இருந்தப்போ வேவர்லி மடத்து இடிபாடுகள் பக்கத்துல ஒரு பெரிய சாம்பல் நிறப் பூனை, உள்ளே பொந்து விழுந்த எல்ம் மரத்துக்குள்ள நுழையறதைப் பார்த்ததா எழுதறார். நடுத்தர ஸ்பேனியல் நாய் அளவு இருந்துச்சாம். வீட்டுல வந்து சொன்னா செம திட்டு. இல்ல, பார்த்தேன்னு சாதிச்சதுக்கு அடியும் விழுந்திருக்கு. பையன் அசையலை. பின்னாடி ராணுவத்துல சேர்ந்து கனடா பக்கம் போனவர், அங்கே ஒரு காட்டுப் பூனையைப் பார்த்துட்டு, அன்னிக்கு நான் பார்த்தது இதே மாதிரிதான்னு முடிவு கட்டறார். அறுபது வயசு தாண்டியும் சத்தியம் பண்ணத் தயாரா இருந்தார் மனுஷன்.

எனக்கு அந்தப் பையன் மேல ஒரு பாசம் வந்துடுச்சு. ஏன்னு சொல்லணுமா? :)

அதே சர்ரேயில, 1960கள்ல 'சர்ரே பூமா' பரபரப்பு. கோடால்மிங் ஊர் போலீஸ் இதுக்குன்னே ஒரு பதிவேடு வெச்சாங்க. ரெண்டே வருஷத்துல முன்னூறுக்கும் மேல தகவல். பூமா மட்டும் கிடைக்கலை.

1983ல எக்ஸ்மூர். டெவன் மாவட்டத்துல ஒரு விவசாயி, மூணு மாசத்துல நூறு ஆட்டுக்கு மேல பறிகொடுத்துட்டேன்னு புலம்பினார். எல்லாம் கழுத்துல கடி. ஒரு பத்திரிகை ஆயிரம் பவுண்டு பரிசு அறிவிச்சுது. கடைசியில ராயல் மரீன் படையில இருந்து குறி பார்த்துச் சுடுற ஆளுங்களையே கொண்டு வந்து மலையில உக்கார வெச்சாங்க. சில வீரர்களும் கறுப்பா பெரிசா ஒண்ணைப் பார்த்ததாச் சொன்னாங்க. ஆனா ஒரு உடல் கூட விழலை.

இத்தனை பூனை எங்கிருந்து வரும்? இதுக்கு ஊர்ல எல்லாரும் சொல்ற பதில் 1976. அதுக்கு முன்னாடி அந்த நாட்டுல காசு இருந்தா யார் வேணும்னாலும் சிங்கம், சிறுத்தை வளர்க்கலாம். நெசமாத்தான்! 1969ல லண்டன் ஹாரட்ஸ் கடையில ரெண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் ஒரு சிங்கக் குட்டியை வாங்கி வளர்த்து, பின்னாடி கென்யா காட்டுல விட்டாங்க. கிறிஸ்டியன்ங்கிற அந்தச் சிங்கம் அவங்களைக் கட்டிப் பிடிக்கிற வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீங்க. 1976ல ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் வந்துச்சு. லைசென்ஸ் வேணும், கூண்டு வேணும், இன்சூரன்ஸ் வேணும். செலவுக்குப் பயந்து சிலர் ராத்திரியோட ராத்திரியா மூர்ல அவுத்து விட்டுட்டாங்கங்கறது கதை. அப்படி அவுத்து விடறது 1981 வரைக்கும் குற்றமே கிடையாது.

இது வெறும் கட்டுக்கதை இல்லை. சில ஆதாரங்கள் கையில இருக்கு:

1980ல ஸ்காட்லாந்தின் கேனிச் பக்கம் ஒரு விவசாயி கூண்டு வெச்சதுல உயிரோட ஒரு பெண் பூமா மாட்டுச்சு. ஃபெலிசிட்டின்னு பேரு வெச்சாங்க. மனுஷங்ககிட்ட நல்லாப் பழகின மிருகம். 1985ல செத்தப்புறம் பாடம் பண்ணி இன்வர்னெஸ் மியூசியத்துல வெச்சாங்க.

2001ல வட லண்டன்ல ஒரு வீட்டுத் தோட்டத்துல லிங்க்ஸ் (குட்டை வாலும் காதுல குஞ்சமும் உள்ள காட்டுப் பூனை) ஒண்ணைப் பிடிச்சு மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டு போனாங்க.

பிரிஸ்டல் மியூசியத்துல 1903லேயே வந்து சேர்ந்த ஒரு பாடம் பண்ணின பூனை, நூறு வருஷத்துக்கு மேல சும்மா கிடந்துச்சு. 2013ல ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தா, கனடா லிங்க்ஸ்! டெவன் பக்கம் ரெண்டு நாயைக் கொன்னதால சுடப்பட்டது. பல் போயிருந்த நிலையை வெச்சு, இது ரொம்ப நாள் கூண்டுல இருந்ததுன்னு சொன்னாங்க. அதாவது 1976 சட்டத்துக்கு 70 வருஷம் முன்னாடியே தப்பிச்ச பூனை இருந்திருக்கு.

ஆக, எப்பவாவது ஒரு பெரிய பூனை இங்கிலாந்துல வெளியே திரிஞ்சுதான்னு கேட்டா, திரிஞ்சுது. அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா சண்டை அதைப் பத்தி இல்லை. ஐம்பது வருஷமா குட்டி போட்டு, தலைமுறை தலைமுறையா யார் கையிலயும் சிக்காம ஒரு கூட்டம் வாழுதான்னுதான் சண்டை. காட்டுல சிறுத்தையோட ஆயுசு பன்னிரண்டு, பதினஞ்சு வருஷம். 1976ல அவுத்து விட்டது எதுவும் இன்னிக்கு உயிரோட இருக்க வாய்ப்பே இல்லை. இன்னிக்குப் பார்க்கிறவங்க பார்க்கிறது அதோட பேரன் பேத்தியா இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்.

1995ல அரசாங்கமே இதை விசாரிச்சுது. பாட்மின் மூர்ல ஆடு சாகுதுன்னு விவசாயிங்க விடாம கேட்டதால, விவசாயத்துறை ஆட்களை அனுப்புச்சு. செத்த ஆடுகளைப் பார்த்தாங்க, கால் தடத்தைப் பார்த்தாங்க. அவங்க செஞ்ச ஒரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 'இதோ பீஸ்ட்'ன்னு ஊர்ல சுத்தின ஃபோட்டோவையும் வீடியோவையும் எடுத்துக்கிட்டு, அது எடுக்கப்பட்ட அதே இடத்துக்குப் போனாங்க. பூனை நின்ன அதே சுவர், அதே கேட் பக்கத்துல ஒரு அளவுகோலை நட்டு மறுபடி படம் எடுத்தாங்க. ரெண்டையும் ஒப்பிட்டா, தோள் உயரம் 12 அங்குலம். வீட்டுப் பூனை!

அறிக்கை என்ன சொல்லுச்சுன்னா, பெரிய பூனை இருக்குங்கறதுக்கு உறுதி செய்யக்கூடிய ஆதாரம் இல்லை. அதே சமயம் இல்லவே இல்லைன்னும் நிரூபிக்க முடியாது. ரெண்டு கட்சியும் ஆளுக்குப் பாதி வாக்கியத்தை எடுத்துக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்குது.

இதுல காமெடி, அறிக்கை வந்து ஒரு வாரம் கூட ஆகலை, ஃபோவே ஆத்துல ஒரு பையனுக்கு ஒரு மண்டை ஓடு கிடைச்சுது. லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் பார்த்துட்டு, நெஜமான இளம் சிறுத்தைதான்னு சொல்லிடுச்சு. ஊரே குதிச்சுது. அடுத்த வரியில குண்டு: பின்மண்டையில கத்தியால வெட்டின தடம், உள்ளே வெப்ப மண்டலக் கரப்பான்பூச்சியோட முட்டைக்கூடு. அந்தக் கரப்பான் இங்கிலாந்துல கிடையாது. யாரோ வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த, தலையோட கூடின சிறுத்தைத்தோல் விரிப்போட மிச்சம் அது!

இதையெல்லாம் படிச்சப்புறம் எனக்குத் தூக்கம் வரலை. அளவுகோல் விஷயம் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஊருக்குத் திரும்பறதுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்போ, தையல் டேப் ஒண்ணை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு தனியாக் கிளம்பிட்டேன்.

என் கணக்கு இதுதான். அந்தச் சுவர் என் இடுப்பு உயரம், மூணரை அடி. மிருகத்தோட முதுகு அதுல மூணுல ரெண்டு பங்கு. அதாவது ரெண்டு அடிக்கு மேல. சிறுத்தையேதான். இந்தக் கணக்கை எத்தனை பேர்கிட்ட அடிச்சுச் சொல்லியிருப்பேன்!

வண்டி நின்ன அதே இடம். சதுப்புல ஷூ முங்க முங்க நடந்து அந்த இடிஞ்ச இடத்துக்குப் போய் நின்னேன். சுவர் என் முட்டிக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு. டேப் வெச்சா ஒரு அடி பதினோரு அங்குலம்.

மூணுல ரெண்டு பங்கு போட்டுப் பாருங்க. ஒண்ணேகால் அடி. கொழுத்த கடுவன் பூனை.

அங்கேயே உக்காந்துட்டேன். நான் பொய் சொல்லலை. கறுப்பா ஒண்ணு நெஜமாவே போச்சு. ஆனா நான் பூனையைத் தப்பா அளக்கலை, சுவரைத் தப்பா அளந்திருந்தேன். மரமோ மனுஷனோ இல்லாத வெட்டவெளியில கண்ணுக்குப் பிடிமானம் இல்லை. மனசு தானே ஒரு அளவுகோலை வெச்சுக்குது. அங்கே பார்க்கப்படறதுல பெரும்பாலானது கறுப்புன்னு சொல்றதும் எனக்கு இப்போ இடிக்குது. உலகம் முழுக்கச் சிறுத்தைகள்ல கறுப்பு, நூத்துக்குப் பத்து பதினொண்ணுதான். கறுப்புப் பூமா இருந்ததா உறுதியான பதிவே இல்லை. கறுஞ்சிறுத்தையை ஆசைப்பட்டு வளர்த்தாங்க, அதனாலதான்னு எதிர்க்கட்சி சொல்லும். சரி, இருக்கலாம். ஆனா கறுப்புல புள்ளியும் தெரியாது, உருவத்தோட மேடு பள்ளமும் தெரியாது. தூரமும் அளவும் சுலபமா ஏமாத்திடும்.

நம்ம ஊரோட ஒப்பிட்டுப் பாருங்க. சிறுத்தையும் ஆள் கண்ணுல படாம இருக்கறதுல கில்லாடிதான். ஆனா எச்சத்தை விட்டுட்டுப் போகும், கால் தடம் விடும், ரோட்டுல அடிபட்டுச் சாகும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டு சிசிடிவியில கறுஞ்சிறுத்தை நடந்து போற காட்சி நியூஸ்ல வருது. காட்டுல தானியங்கிக் கேமரா வெச்சு, கைரேகை மாதிரி உடம்புப் புள்ளிகளை வெச்சே ஆளை அடையாளம் கண்டு, 2022 கணக்கெடுப்புல இந்தியாவுல 13,874 சிறுத்தை, தமிழ்நாட்டுல 1,070னு மதிப்பிட்டாங்க. கூட்டமா வாழற மிருகம் இப்படித்தான் சாட்சி விடும். 2025 ஜனவரியில ஸ்காட்லாந்து மலையில யாரோ திருட்டுத்தனமா நாலு லிங்க்ஸை விட்டாங்க. மூணு நாலு நாள்ல நாலையும் பிடிச்சுட்டாங்க. பாவம், ஒண்ணு செத்துப் போச்சு.

இந்தப் பக்கமும் ஒரு சேதி சொல்லிடறேன், இல்லேன்னா நியாயம் இல்லை. 2024ல, கம்ப்ரியாவுல செத்த ஒரு ஆட்டு மேல எடுத்த மாதிரியில சிறுத்தை, சிங்கம் சேர்ந்த பாந்தெரா இனத்தோட டி.என்.ஏ. இருந்ததா வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருத்தர் சொன்னார். ஒரே ஒரு மாதிரி. ஒத்தைப் பூனை ஒண்ணு தப்பிச்சு வந்திருக்கலாம், நான் மறுக்கலை. மறுபக்கம், 2012 ஆகஸ்ட்ல எஸ்ஸெக்ஸ்ல சிங்கத்தைப் பார்த்ததா சிலர் சொல்ல, ஹெலிகாப்டர்ல வெப்பக் கேமராவோட போலீஸ் தேடுச்சு. சிங்கம் இல்லை. அந்தப் பக்கத்துல வளர்ந்த ஒரு மெய்ன் கூன் பூனையா இருக்கலாம்னு பேசிக்கிட்டாங்க. அது புசுபுசுன்னு பெரிசா வளர்ற ஜாதிப் பூனை.

அதுக்காகப் பார்த்தவங்களை நக்கல் பண்றதுல எனக்குச் சம்மதம் இல்லை. எக்ஸ்மூர் விவசாயிக்கு ஆடு செத்தது நெஜம், கொன்னது நாயோ வேறெதுவோ. அவரைக் கோமாளியாக்கினா, அடுத்த தடவை நெஜமாவே ஒண்ணு கூண்டை உடைச்சுட்டு வர்றப்போ யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. ஃபெலிசிட்டியைப் பிடிச்சவர் மத்தவங்க பேச்சைக் கேட்டு விட்டிருந்தா, அந்தப் பூமா கதையாவே போயிருக்கும். அடிக்கறதை விட்டுட்டு ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு, "வாப்பா, எந்த மரம்னு காட்டு"ன்னு காபெட்டோட வீட்டுல யாராவது கூடப் போயிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

நான் அளந்துட்டேன். விடை தெரிஞ்சுடுச்சு. ஆனா இன்னிக்கும் கண்ணை மூடினா அந்தச் சரிவுல நடக்கறது பூனை இல்லை, சிறுத்தைதான். அதை என்ன பண்றதுன்னு தெரியலை.

டிஸ்கி: அந்த டேப் இன்னும் வீட்டுல இருக்கு. தங்கமணி ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கறப்பல்லாம் "சிறுத்தை டேப்பை எடுங்க"ம்பாங்க. உங்க ஊர்ல யாராவது இப்படி எதையாவது பார்த்திருந்தா சொல்லுங்க, சிரிக்க மாட்டேன். எவ்வளவு தூரம், பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேப்பேன் :)