உத்தரவு இல்லாத தடை

சென்ற வாரம் நாம் பார்த்த தடைக்கு ஓர் உத்தரவு இருந்தது. 1911-ல் பாரதியின் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டையும் சென்னை அரசு தடை செய்தது. பழியை வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிடலாம். உத்தரவே இல்லாமல் நாமே ஒதுக்கிவைத்த நூல்களுக்கு யாரைக் கேட்பது?

சீவக சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்த சோழ மன்னனை, அது சமணப் பொய்நூல் என்று சொல்லிச் சேக்கிழார் திருப்பினார் என்கிறது சேக்கிழார் புராணம். கதையோ நடப்போ, அந்த மனநிலை நெடுநாள் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையரே, 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் விசாரிக்கும்வரை சிந்தாமணியைப் படித்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. 1887-ல் அவர் அதை அச்சிட்டபோது, சைவ மடத்தில் வளர்ந்தவருக்குச் சமண நூல் எதற்கு என்ற முணுமுணுப்பும் எழுந்தது.

அடுத்து பத்துப்பாட்டு. ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். லட்சுமண கவிராயர் வீட்டுச் சுவடிகளை நாள்கணக்கில் புரட்டியும் பயனில்லை. கவிராயரின் மாமனார் வீட்டிலும் ஏடுகள் உண்டு; ஆனால் மாமனாருக்கும் மருமகனுக்கும் மனக்கசப்பு, போக்குவரத்தே இல்லை. அன்றிரவு நம்மாழ்வார் வீதியுலா. ஐயர் ஆழ்வாரிடமே முறையிட்டார். பிறகு, மாமனார் வீட்டுப் படியேறிய லட்சுமண கவிராயர் கையில் சுவடியோடு வந்து நின்றார். நிலா வெளிச்சத்தில் பிரித்ததும் கண்ணில் பட்டது முல்லைப்பாட்டு. திருமுருகாற்றுப்படை முதல் ஏழு பாட்டுகள் அதில் இருந்தன.

ஊரோ ஆழ்வார் பிறந்த ஊர். சுவடியோ முருகன் துதியில் தொடங்குவது. எங்கள் சமயத்து நூல் இல்லையே என்று அந்த வீட்டார் கழித்துவிடவில்லை. 1889-ல் பத்துப்பாட்டு அச்சேறியதில் மருமகன் விட்டுக்கொடுத்த வீம்புக்கும் பங்குண்டு என்பேன்.

இதே நெல்லைச் சீமையில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஐயர் கேட்ட சேதி வேறு. பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்களாம். பகையால் அல்ல, பக்தியால்! தடை போட்ட வெள்ளை அரசாவது பறித்த நூல்களில் பிரதி வைத்துக்கொண்டது. லண்டனில் இன்றும் அவற்றைப் படிக்கலாம். ஹோமத்தில் போனவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அந்தக் கட்டுகளைச் சுமந்து கொடுத்தவர்களில் ஒருவராவது ஓர் ஏட்டைப் பிரித்து வாசித்துப் பார்த்திருப்பாரா?

அடுத்த வாரம் 1928: பாரதி பாடல்களுக்காகச் சென்னைச் சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்த கதை.

(தொடரும்)