சுருதிச் சீர்திருத்தமும் துளைக்கருவிகளும்: இலண்டன், 1895

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் இசையரங்குகளில் ‘ஏ’ சுரம் நொடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகளில் ஒலித்தது. பிரான்சு 1859இலேயே அதனை 435 எனச் சட்டத்தால் வரையறுத்திருந்தது. 1895இல் குயின்ஸ் ஹால் இசைநிகழ்ச்சிகளுக்குப் பொருளுதவிய தொண்டை மருத்துவர் ஜார்ஜ் காத்கார்ட், பாடகர் குரலை வருத்தும் உயர்சுருதியைக் கைவிட வேண்டுமென நிபந்தனை விதித்தார்.

நரம்புக்கருவியினர் முறுக்காணியைத் தளர்த்தி இணங்கினர். துளைக்கருவியினர்க்கு அது எளிதன்று. கிளாரினெட்டின் மேலிணைப்பை இழுத்துக் குழலை நீட்டினால் எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவே நீளம் கூடும். வேண்டப்படுவதோ ஒவ்வொரு சுரத்தின் காற்றுத்தம்பத்திற்கும் ஏற்ற விகிதம். எனவே ஊதுவாயை அடுத்த துளைகளின் சுரங்கள் மிகத் தாழும். அடித்துளைகளின் சுரங்கள் போதிய அளவு தாழா. துளைகளின் இடத்தையே மாற்றினாலன்றிக் கருவி முழுதும் இசைவுறாது.

புதுக்கருவிகளின் செலவை ஏற்கக் கலைஞர் மறுத்தனர். காத்கார்ட்டே அவற்றைப் பெல்ஜியத்திலிருந்து தருவித்தார். 1896இல் பில்ஹார்மோனிக் சங்கம் 439ஐ ஏற்றது. இராணுவ வாத்தியக் குழுக்களோ 1920களின் இறுதிவரை உயர்சுருதியையே பேணின. அக்காலக் கருவிகளை இன்றைய 440க்கு இசைவிக்க முயல்வோர் எதிர்கொள்வதும் இதே இடர்ப்பாடே: துளையை மாற்றினால் கருவியின் வரலாற்றுச் சான்று அழியும், மாற்றாவிடில் அது பிற கருவிகளோடு சேர்ந்து ஒலிக்காது.