புதுவை நீதிமன்றங்களும் வழக்கும்

'வழக்கு' என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. மக்களிடையே நெடுங்காலம் நிலைபெற்ற நடையையும் அது குறிக்கும். மன்றத்திற் கொணரப்படும் முறையீட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தழுவி நின்ற வரலாற்றைப் புதுவை நீதிமன்றங்களிற் காண்கிறோம். நீதிபதியின் விசாரணை எல்லையை இடம், வழக்குப் பொருளின் மதிப்பு, குற்றத்தின் தன்மை என்பவற்றால் வரையறுப்பர். அவ்வெல்லைக்குள்ளும் அவர் எச்சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம் என்பதை, புதுவையில், வழக்காடுவோர் யார் என்பதே முடிவு செய்தது. இதனை ஈண்டு ஆராய்வாம்.

பிரெஞ்சுக் கும்பினியார் ஆட்சியில் தமிழரின் உரிமை வழக்குகளைச் சாவடி நீதிமன்றம் விசாரித்தது. அங்கு அமர்ந்தோர் கும்பினி அலுவலர். ஊர் வழக்கம் அறியாதவர். ஆதலின் துபாசிகளின் துணையை நாடினர். பல வழக்குகளைச் சாதித் தலைவரிடமும் மத்தியத்தரிடமும் விடுத்தனர். 1766 முதல் 1817 வரையுள்ள அதன் தீர்ப்புகளைப் பொனான் என்பார் தொகுத்து 1999-இல் வெளியிட்டார்.

1819-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைப் புதுவையில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆயினும் இந்துக்கள், முசுலிம்கள், கிறித்தவர் ஆகிய இந்தியர் அனைவரும் முன்போலவே தத்தம் சாதி வழக்கப்படி தீர்ப்புப் பெறுவர் என்றும் அவ்வாணை உறுதி கூறிற்று. அவ்வாண்டிலேயே சாவடி மன்றம் மறைந்தது. வழக்கம் யாதென உசாவி அறிதற்கு 1827-இல் இந்தியர் ஒன்பதின்மர் கொண்ட ஆலோசனைக் குழு அமைந்தது. குழு கருத்துரைக்கும், தீர்ப்பு நீதிபதியினுடையதே.

1842-ஆம் ஆண்டு ஆணை, சமாதான நீதிமன்றம், முதனிலை நீதிமன்றம், புதுவையில் மேல்முறையீட்டு மன்றம் என அடுக்கு வகுத்தது. 1881-இல் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் தொகுப்பை ஏற்க அவ்வாண்டுச் செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை வழி திறந்தது. அங்ஙனம் துறந்தோரை 'ரெனோன்சான்' என்பர். இதன் விளைவு சிறிதன்று. உயில் எழுதாது இறந்த தந்தையின் சொத்தில், ரெனோன்சான் குடும்பத்து மகள் மகனோடு ஒத்த பங்கு பெற்றாள். வழக்கச் சட்டத்தின்கீழ் நின்ற அடுத்த வீட்டு மகளுக்கோ, உடன்பிறந்த ஆண்மகன் இருப்பின், அவ்வுரிமை இல்லை. ஒரே நீதிபதி, ஒரே தெருவினர்க்கு, இருவேறு தீர்ப்பளிக்க வேண்டியவரானார்.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 நவம்பர் 6 முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் புதுவைக்கும் விரிந்தது. பின்னர் 1966-ஆம் ஆண்டு உரிமையியல் நீதிமன்றச் சட்டம் மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, மாவட்ட முன்சீப் என்னும் படிநிலையைத் தந்தது. 1968-இல் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டமும் வந்தது. அடுக்கும் நடைமுறையும் இவ்வாறு இந்தியமாயின.

எனினும், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963-இல் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டபோது ரெனோன்சான்கள் அதனின்றும் விலக்கப்பட்டனர். ஆகவே, வாரிசு வழக்கைக் கேட்கும் மாவட்ட நீதிபதி, வழக்காடுவோரின் முன்னோர் மரபுச் சட்டத்தைத் துறந்தனரோ என்று இன்றும் உசாவ நேர்கிறது. மன்றங்களின் பெயர் மாறினும், சாவடியில் எழுந்த 'யார்க்கு எச்சட்டம்' என்னும் வினா மாறவில்லை. மகளின் பங்கு அவ்வினாவின் விடையைப் பற்றி நின்றது என்பதை எண்ணின், இவ்வரலாறு சட்டம் பயில்வார்க்கே யன்றித் தமிழர் குடும்ப வாழ்வை ஆராய்வார்க்கும் இன்றியமையாதது என்பது பெறப்படும்.