வேகப்பந்தும் ஓவர்க் கணக்கும்

கொள்ளிடத்தின் வடகரையில் வைத்தியநாதர் கோயில் கொண்டிருக்கும் திருமழபாடி, பங்குனியில் நடைபெறும் நந்தி திருக்கல்யாணத்தாலும் சுந்தரர் பதிகத்தாலும் பிரசித்தி பெற்ற க்ஷேத்திரம். கோடையில் இப்பக்கத்து ஊர்களின் காலி மனைகளில் டென்னிஸ் பந்து கொண்டு ஆடும் பையன்களுக்கு அந்தப் புராணம் தெரிந்த அளவு, தங்கள் வேகப்பந்து வீச்சின் சரித்திரம் தெரிந்திருக்க நியாயமில்லை.

1934 நவம்பர் 4 ஆம் தேதி, சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தை வீசியவர் சென்னை மாகாண அணியின் எம். ஜே. கோபாலன். ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடிய அத்தகைய திடகாத்திரர்களின் காலத்தில், களைத்தவன் பந்தைக் கேப்டனிடம் கொடுத்துவிடுவதே போதுமான வைத்தியம் என்று கருதப்பட்டது.

1987 இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சிப் பள்ளி தோன்றியபோது, அதற்கு வழிகாட்ட வந்த டென்னிஸ் லில்லி, 1973 இல் மேற்கிந்தியப் பயணத்தில் முதுகெலும்பு விரிசல் கண்டு, நெடிய சிகிச்சைக்குப்பின் மீண்டு வந்தவர் என்பது விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. பந்தை விடும் கணத்தில் முன்கால் தரையில் ஊன்ற, உடலெடையைப் போல் பன்மடங்கு பாரம் மேலேறி, அப்போதே வளைந்து முறுக்கிய முதுகெலும்பின் கீழ்க்கணுக்களில், பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், சென்று தாக்குகிறது. வளர்ந்து முடியாத எலும்பு அதனை ஒருமுறையன்று, ஆயிரமுறை பொறுத்துப் பின்பு விரிகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் பதினேழு வயதுடைய 82 வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் கவனித்து 1989 இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குப் 11 பேருக்கு இவ்விரிசல் கண்டிருந்தது. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் லீக் 2007 இல் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 85 பந்து என்று வரம்பு கட்டியது முழங்கையைக் காக்க. கிரிக்கெட்டில் இங்கிலாந்து ஓவர்களுக்கு வரம்பு வகுத்தது முதுகைக் காக்க.

நம் கிராமப் போட்டிகளிலோ வரம்பு இருக்கிறது, ஆனால் ஆட்டத்துக்கு மட்டும். ஓர் ஆட்டத்தில் ஒருவனுக்கு இரண்டு ஓவர் என்பது மிதமாகத்தான் தோன்றும். ஞாயிறு முழுவதும் அணி ஜெயித்துக்கொண்டே போனால், வேகமாக வீசுபவன் காலைமுதல் அந்திவரை ஓடுகிறான், அடுத்த வாரம் அடுத்த ஊர். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் தொடங்கி 2020 டிசம்பரில் இந்திய அணியில் ஆடிய நடராஜன், 2021 ஏப்ரலில் முழங்காலில் சத்திர சிகிச்சை செய்துகொண்டபோது, அவரைப் பரிசோதித்து ஓய்வு கொடுக்க வாரியத்து வைத்தியர்கள் இருந்தார்கள். ஊர்ப் பையனுக்கோ ஸ்கோர் எழுதுபவரே சாட்சி. அவரும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிவிடுவதால், காலையில் வீசிய ஓவர்கள் மாலைக் கணக்கில் சேர்வதில்லை.