நொய்யல் வழக்கு நமக்குச் சொல்லும் பாடம்



"தண்ணியைக் கெடுத்தவன் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுகிறான். கெட்ட தண்ணியைப் பாய்ச்சுகிறவன் நான்தானே?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு நொய்யல் ஆற்றின் கதையைப் பார்ப்போம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேருகிற ஆறு நொய்யல். சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டி முடித்தார்கள். வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு. துணியில் சாயம் பிடிக்க உப்பை ஏராளமாகச் சேர்க்கிறார்கள். குப்பை எரு மாதிரி உப்பு மக்கிப் போகாது. அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும், தண்ணீர் கீழே இறங்காது, கிணறும் கரிக்கும். அணையில் தண்ணீர் நின்றும், "திறந்துவிடாதீர்கள்" என்று பாசனக்காரர்களே சொல்லும்படி ஆயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. இருந்தும் ஆறு கெட்டது. கடைசியில் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகச் சேர்ந்து உயர்நீதிமன்றம் போனார்கள்.

2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. வெளியே விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, அப்புறம் 10 பைசா கட்ட வேண்டும் என்றது. அதாவது ஆயிரம் லிட்டருக்கு 60 ரூபாயில் தொடங்கி 100 ரூபாய் வரை. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராதபடி செய்யச் சொன்னது. அப்படியும் நிற்கவில்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் உத்தரவிட்டது. அன்று பட்டறைத் தொழிலாளர்கள் பலர் பிழைப்பு இழந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. காலத்தில் சுத்திகரித்திருந்தால் இரண்டு பக்கமும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

இதில் நமக்கு என்ன பாடம்? கட்டிவிட்டுத் தொடரக்கூடிய அபராதம் பட்டறைக்கு இன்னொரு செலவு, அவ்வளவுதான். மூடவேண்டி வரும் என்கிற பயம்தான் வேலை செய்தது. இரண்டாவது, சாட்சியம். நாமே பாட்டிலில் பிடித்த தண்ணீர் வழக்குக்குப் போதாது. வாரிய அதிகாரி, ஆலைக்காரருக்கு அறிவித்து, முறைப்படி எடுத்து முத்திரை வைத்த மாதிரியைத்தான் 1974 சட்டம் சாட்சியமாக ஏற்றது. 1988 திருத்தமோ, வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தனி ஆளே வழக்குப் போடவும் வழி செய்தது.

ஆகவே, தண்ணீர் நன்றாக இருக்கும்போதே மண்ணையும் கிணற்று நீரையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவுகளைப் பத்திரமாக வையுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று காட்ட முடிந்தால்தான், எவ்வளவு கெட்டது என்று கேட்க முடியும். புகாரைத் தேதி போட்டு எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள், ஊராகச் சேர்ந்து கொடுங்கள்.