நீர் காத்தவையும் நீர் கரைத்தவையும்

புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்து வனத்தினுள், கடலோரத்துக்கு அண்மையில் பொம்பரிப்பு என்னும் இடம் உளது. அங்கே நிலத்தின் கீழ் ஆயிரக்கணக்கான ஈமத் தாழிகள் புதைந்திருப்பதாக ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். 1923-24 ஆம் ஆண்டுகளில் ஹோகார்ட் என்பவர் அங்கு முதன்முதலாக அகழ்வு நடத்தினார். 1956 இல் மீண்டும் அகழ்ந்தனர். 1970 இல் விமலா பெக்லி தலைமையில் விரிவான ஆராய்ச்சி நிகழ்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அத்தாழிகளிற் கறுப்புச் சிவப்பு மட்கலங்களும், உலோகப் பொருள்களும், மணிகளும், இவற்றோடு மனித எலும்புகளும் பற்களும் கிடைத்தன. தமிழகத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை இவை ஒத்திருத்தலை அறிஞர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். எலும்புகளைக் கென்னத் கென்னடியும் பற்களை ஜோன் லூக்காக்சும் ஆராய்ந்து, அம்மக்களைப் பற்றிப் பல செய்திகளை வெளியிட்டனர்.

தாழியில் வைக்கப்பட்டவர் இவ்வாறு வரலாற்றில் இடம் பெற்றனர். ஆயின் அவர்தம் கரையில் அலை வீசிய கடலில் மாண்டவர் எத்தனை பேர்? பொம்பரிப்புக்கு அண்மையிலேயே குதிரைமலை முனை நிற்கின்றது. உரோம ஆசிரியர் பிளினி குறிப்பிட்ட ஹிப்புரோஸ் துறைமுகம் இதுவே என்பர் பலர். மீன்பிடித்தோரும் முத்துக்குளித்தோரும் பொருள் ஏற்றிச் சென்றோரும் நடமாடிய கடல் இது. அதில் மூழ்கியவர்க்குத் தாழியும் இல்லை, கல்லும் இல்லை. நீரினடியில் மனித உடலுக்கு என்ன நேர்கின்றது என்பதை அறியாமல் இக்கரையின் வரலாற்றை முழுமையாக எழுத முடியாது. ஆதலின் அதனை இங்கு ஆராய்வோம்.

முதலில் எலும்பின் தன்மையை அறிவோம். உலர்ந்த எலும்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்தும் பொசுபரசும் கலந்த கனிப்பொருள். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். அமிலம் கனிப்பொருளைக் கரைக்கும்; நுண்கிருமிகள் புரதத்தை உண்ணும். பல்லின் மேற்பூச்சோ ஏறக்குறைய முழுவதும் கனிப்பொருள். எலும்பு பொடிந்த இடத்திலும் பல் எஞ்சுவது இதனாலேயே.

உயிர் நீங்கிய உடல் பெரும்பாலும் முதலில் ஆழ்ந்துவிடும். பின்னர் குடலிலுள்ள நுண்கிருமிகள் வாயுவை உண்டாக்க, உடல் உப்பி மேலெழும். நம் கடல் போன்ற வெப்பக் கடலில் இது சில நாட்களில் நிகழும். குளிர்ந்த ஆழ்கடலிலோ கிருமிகளின் தொழில் மந்தமாகும்; வாயுவும் நீரின் அழுத்தத்தால் ஒடுங்கும்; அங்கு ஆழ்ந்த உடல் மேலே வராமலே போகலாம். காற்றில் ஒரு வாரத்தில் நேரும் சிதைவு நீரில் இரண்டு வாரமும் மண்ணில் எட்டு வாரமும் பிடிக்கும் என்று பெர்லின் நகர வைத்தியர் காஸ்பர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விதி வகுத்தார். ஆயினும் நீரின் வெப்பமும் அதில் வாழும் உயிரினங்களும் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அவ்விதி எங்கும் ஒருபடித்தாய்ப் பொருந்துவதில்லை.

உப்பு உடலைக் காக்கும் அன்றோ என்று அன்பர்கள் வினவலாம். புத்தளம் என்ற பெயரே 'புது அளம்' என்பதிலிருந்து வந்தது என்பர். உப்பின் ஆற்றலை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவாடு கெடாதிருப்பது மெய். ஆயின் கருவாட்டைக் காப்பது மீனின் ஈரத்தை உறிஞ்சிவிடும் மிகுதியான உப்பும் வெயிலுமே. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவே. அவ்வளவு உப்பு அழுகலைத் தடுக்கப் போதாது. ஈரான் நாட்டுச் செஹ்ராபாத் உப்புச் சுரங்கத்தில் 1993 முதலாகக் கிடைத்த பழங்கால உடல்கள் தோலும் மயிருமாய்க் காணப்பட்டன. அவற்றைக் காத்தது உலர்ந்த உப்பு. உப்பு நீர் அன்று.

ஈரமும் ஒருவகையிற் காவல் செய்வதுண்டு. காற்றுப் புகாத ஈரமான இடத்தில் உடலின் கொழுப்பு வெண்மையான மெழுகுபோல் மாறி, உருவம் குலையாது நிற்கும். இதனை முதலில் எழுத்திற் குறித்தவருள் ஒருவர் ஆங்கில வைத்தியரும் உரைநடையாசிரியருமான சேர் தோமஸ் பிறவுண். 1658 இல் அவர் வெளியிட்ட அந்நூல், நோர்போக் பகுதியிற் கண்டெடுத்த ஈமத் தாழிகளைப் பற்றியது. மிஷன் பாடசாலையில் ஆங்கில உரைநடையின் அழகுக்காக அவர் பெயரைக் கேட்ட நாம், தாழியையும் நீரையும் ஒருங்கே எண்ணிய அறிஞராக அவரை இன்று நினைக்கின்றோம்.

இனி, கடலடியில் நிகழ்ந்த சில மெய் வரலாறுகளை நோக்குவோம். இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலாகிய மேரி ரோஸ் 1545 இல் மூழ்கியது. ஒரு பக்கமாய்ச் சாய்ந்து விழுந்த அக்கப்பலின் வலப்பக்கத்தைச் சேறு விரைவில் மூடியது. வெளியே நின்ற இடப்பக்கத்தை நீரோட்டமும் புழுக்களும் அழித்துவிட்டன. 1982 இல் கப்பலை வெளியே எடுத்தபோது சேறு காத்த பாதியே எஞ்சியிருந்தது. அதனோடு குறைந்தது 179 பேரின் எலும்புகளும் கிடைத்தன. ஒரே கடல், ஒரே கப்பல், ஒரே நாள். சேற்றினுட் பட்டது நின்றது, படாதது மறைந்தது.

டைட்டானிக் கப்பல் 1912 இல் மூழ்கியபோது ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். 1985 இல் ஏறத்தாழ 3,800 மீற்றர் ஆழத்தில் அக்கப்பலைக் கண்டபோது எலும்புக்கூடு ஒன்றும் தென்படவில்லை. ஆயின் சோடி சோடியாகச் சப்பாத்துகள் கிடந்தன. உடலைக் கடலுயிர்கள் உண்டன எனவும், அந்த ஆழத்து நீரிற் சுண்ணாம்புச் சத்துக் குறைவாதலின் அது எலும்பையும் கரைத்துவிட்டது எனவும், பதனிட்ட தோலை எவ்வுயிரும் விரும்பாமையாற் சப்பாத்து மட்டும் எஞ்சியது எனவும் கப்பலைக் கண்டறிந்த பல்லார்ட் விளக்கினார். மாறாக, கிரேக்க நாட்டு அண்டிகிதெரா தீவுக்கருகே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலில், மணலுக்கும் உடைந்த கலங்களுக்கும் அடியிலிருந்து 2016 இல் ஒரு மனிதனின் மண்டையோட்டுப் பகுதிகளையும் பற்களையும் எலும்புகளையும் எடுத்தனர்.

சதுப்பு நிலம் இதற்கு நேர்மாறான விந்தையைச் செய்கின்றது. டென்மார்க்கில் 1950 இற் கிடைத்த தொல்லுண்ட் மனிதனின் முகம் உறங்குபவன் முகம்போலவே இருந்தது. அந்நிலத்து அமில நீர் தோலைப் பதனிட்டுக் காக்கும். எலும்பையோ மெல்ல மெல்லக் கரைக்கும். ஆகவே நீர் ஒன்றேயெனினும் அதன் செயல் ஒன்றன்று. பிராணவாயு உண்டா, உண்ணும் உயிர்கள் உண்டா, விரைந்து மூடும் சேறு உண்டா, நீர் அமிலமா காரமா, குளிரா வெப்பமா என்ற இவையே எது நிற்கும், எது மறையும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இவ்வளவையும் நம் கரைக்குப் பொருத்திப் பார்ப்போம். கற்பிட்டிக்கு அப்பாலுள்ள முருகைக்கற் பார்கள் வெப்பமும் ஒளியும் பிராணவாயுவும் நிறைந்தவை. மீனும் நண்டும் புழுவும் அங்கே மிகுதி. கச்சான் காலத்து அலையோ அடிமணலையும் புரட்டிவிடும். அத்தகைய இடத்தில் உடல் நெடுநாள் நிற்குமென எதிர்பார்க்கலாகாது. புத்தளம் களப்பின் கண்டற் காட்டுச் சேறு வேறு இயல்பினது. அதனைக் காலால் மிதித்தவர்க்கு அழுகிய முட்டை போன்ற அதன் மணம் தெரியும். அந்த மணமே உள்ளே பிராணவாயு இல்லையென்பதன் அடையாளம். அத்தகைய சேறு மரத்தையும் எலும்பையும் நெடுங்காலம் காக்க வல்லது. ஆயின் அதே சேற்றைத் தோண்டி வெயிலிற் போட்டால், அதிலுள்ள கந்தகச் சேர்வைகள் காற்றுப் பட்டு அமிலமாகி, அதுவரை காத்ததை அழித்துவிடும். 1980 களிலிருந்து இக்களப்போரத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டன, குளங்கள் தோண்டப்பட்டன. மீனும் நிழலும் போனதைப் பலர் எடுத்துரைத்தனர். வரலாற்று ஏடுகளும் அதனோடு போயிருக்கக்கூடும் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

இன்னும் ஒன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாய் இருந்தன. பின்னர் கடல் உயர்ந்து, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இறுதியாக இவற்றைப் பிரித்தது. களுத்துறைப் பகுதியிலுள்ள பாகியங்கலைக் குகையில் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித எலும்புகள் கிடைத்துள்ளன. குகையில் வாழ்ந்தவர் தடயம் நின்றது. இன்று மன்னார்க் குடாவின் அடியிலுள்ள சமவெளியில் அக்காலத்தில் நடந்து திரிந்தவர் தடயமோ நம் கண்ணிற் படவில்லை. எலும்பு இல்லையெனின் மக்கள் இல்லை என்று முடிவு செய்தல் எவ்வளவு பெரும் பிழை! வரலாற்றாசிரியனுக்குக் கிடைப்பது வாழ்ந்தவர் அனைவரின் கணக்கன்று. நீரும் மண்ணும் விட்டுவைத்தவர் கணக்கே.

இது நூலறிவு மட்டும் அன்று. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலையில் இந்நாட்டில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்; பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. உடப்பு முதலிய கரையூர்களிலே கடலுக்குச் சென்றவர் திரும்பாத வீட்டின் துயரம் எவர்க்கும் புதிதன்று. உடல் இல்லாதபோது தருப்பைப் புல்லால் உருவமைத்து அதற்குக் கிரியை செய்யும் வழக்கத்தை நம் முன்னோர் வகுத்தனர். எங்களோடு படித்த கிறிஸ்தவ நண்பர்களோ இறுதி நாளிற் கடலும் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று நம்புகின்றனர். வழிகள் வேறாயினும் இரண்டிலும் இருப்பது ஒரே ஏக்கம்: கடலிற் போனவரைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது என்பது. வரலாறும் அதே கடமையை ஏற்க வேண்டும்.

எனவே நம் இளைஞர் செய்யத்தக்க பணி சில உள. கிணறு வெட்டும்போதோ பண்ணை தோண்டும்போதோ, வலையிற் சிக்கியோ பழம் எலும்பும் கலமும் மரமும் வெளிப்படின், அவற்றைக் கழுவி வெயிலிற் காயவைத்தலாகாது. ஈரம் மாறாமல் வைத்து, கிடைத்த இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். நீரில் நெடுங்காலம் கிடந்த பொருள் காற்றிற் காய்ந்தால் வெடித்து உதிர்ந்துவிடும். தொல்பொருள்களைக் காக்க இந்நாட்டில் 1940 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நீரடிப் பண்பாட்டுச் செல்வங்களுக்காக யுனெஸ்கோ 2001 இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை மனித எச்சங்களுக்கு உரிய மரியாதை செலுத்துமாறு கூறுகின்றது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 இல் 307 பேரோடு மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலை ஒரு கல்லறையாகவே மதிக்கின்றனர். பெயரறியாத தோணிக்காரரின் எலும்புக்கும் அம்மதிப்பு உரியது.

ஊர் முதியோரிடம் சென்று, எந்த ஆண்டில், எந்தக் காற்றில், எந்தப் பாரில் எவர் கடலிற் போயினர் என்று கேட்டு எழுதி வைப்பதும் நம்மால் இயலும். களப்புச் சேறு காப்பதைச் சேறு காக்கட்டும். கடல் கரைத்துவிட்டவரை நம் ஏடுகளேனும் காக்கட்டும்.