விழுப்புரம் வரைக்கும் ஒரு ரயில்

காலையில் எல்லோரும் கடற்கரைக்கு நடக்கப் போகிறார்கள். நான் ரயிலடிக்குப் போகிறேன். இருதய ஆண்டவர் கோவிலுக்குப் பக்கத்தில், சுப்பையா சாலையில், பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். "ஊருக்குப் போறீங்களா ஐயா?" என்று புதிதாக வந்த போர்ட்டர் கேட்பார். "இல்லப்பா, சும்மா" என்பேன். சிறு வயதிலிருந்தே ரயில் பைத்தியம். எங்கள் வீட்டில் இந்த இடத்துக்கு 'லா கார்' என்றுதான் பெயர்.

நம் ஊருக்கு ரயில் வந்தது 1879 டிசம்பரில். ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பிரெஞ்சுக்காரர் ஊருக்கு வந்த இந்தப் பாதையைப் போட்டது, லண்டனில் தொடங்கப்பட்ட 'பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி'. வண்டியை ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியாவின் தென்னிந்திய ரயில்வே. மீட்டர் கேஜ் பாதை. விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், புதுச்சேரி என்று மொத்தம் 38 கிலோமீட்டர்தான். அதில் பிரெஞ்சு மண்ணில் ஓடியது சுமார் 12 கிலோமீட்டர். மீதி எல்லாம் ஆங்கிலேயர் பூமி.

இவ்வளவு சின்னப் பாதைக்கு ஏன் அத்தனை ஆசை? தென்னாற்காடு மாவட்டத்து மணிலாக்கொட்டைதான் காரணம். மூட்டை மூட்டையாக ரயிலில் வந்து, கப்பலேறி மர்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே அதை எண்ணெயாக ஆட்டினார்கள். நம் ஆலைகளில் நெய்து நீலச்சாயம் போட்ட துணி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போனது. ரயில் வந்த பிறகு நம் துறைமுகத்துக்கே புது உயிர் வந்தது என்று சொல்லலாம்.

சரக்கு வந்தால் சுங்கமும் வரும். எல்லையில் 'துவான்'காரர்கள் பெட்டி பெட்டியாக ஏறிச் சோதிப்பார்களாம். 1941-இல் இரு அரசுகளும் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டதால் சிறிது காலம் தொல்லை இல்லை. 1949-இல் அது முடிந்துபோய், மறுபடி சோதனை வந்தது. வில்லியனூரைத் தாண்டியதும் பெண்கள் மடியில் இருப்பதை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள் என்று என் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். மடியில் என்ன இருந்தது என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

இதே எல்லைதான் சிலருக்குக் காப்பாகவும் இருந்தது. 1908-இல் பாரதியார் இங்கே வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து வ.வே.சு. ஐயர் வந்தார். ஆங்கிலேயர் உளவாளிகள் வேஷம் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினாலும், பிரெஞ்சு மண்ணில் அவர்களைக் கைது செய்ய முடியாது. அந்தச் சில கிலோமீட்டருக்கு அவ்வளவு மதிப்பு.

அதன் மதிப்பை நானும் ஒரு நாள் பார்த்தேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. ஆனால் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பெரியப்பா சொல்தா. சைகோனில் இருந்து வந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டில் பல நாள் பேச்சே இல்லை. "பிள்ளைங்க பிரான்சு பள்ளியில படிக்குது, நீ இங்கே என்னடா பண்ணப்போறே?" என்று பெரியப்பா கேட்டதும், அப்பா பதில் சொல்லாமல் கை கழுவ எழுந்து போனதும் நினைவிருக்கிறது.

மறுவருஷம் பெரியப்பா குடும்பம் கிளம்பியது. விழுப்புரம் போய் வண்டி மாறி, சென்னை, பம்பாய், அங்கிருந்து கப்பல். நானும் என் வயதுப் பெரியப்பா மகனும் இந்தப் பிளாட்பாரத்தில்தான் நின்றோம். கரி எஞ்சின் ஊதியது. அவன் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினான். எனக்கு அழுகை வரவில்லை, எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. பிற்பாடு அரசாங்க எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டினேன். ஒரு கையெழுத்து மனிதர்களை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்து இருபது வருஷமாகிறது. இப்போது இங்கிருந்து டெல்லி, ஹவுரா, கன்னியாகுமரி, மும்பை தாதர் எல்லாம் போகலாம். நம் காரைக்காலுக்கு 1898-இல் பேரளத்திலிருந்து போட்ட பாதை எண்பதுகளில் மூடப்பட்டது. 2011-இல் நாகூர் வழியாக மறுபடி ரயில் வந்தது. கடற்கரையோரமாகச் சென்னைக்கும் கடலூருக்கும் பாதை என்ற பேச்சு மட்டும் பேச்சாகவே இருக்கிறது. அதனால் எங்கே போவதானாலும் முதலில் மேற்கே விழுப்புரம்தான்.

பெரியப்பா மகன் போன மாதம் பாரிசிலிருந்து போன் செய்தான். முழங்கால் வலி, இனிமேல் வர முடியாது என்றான். "ரயிலடி அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டான். பெஞ்ச் மட்டும் புதுசு என்றேன்.